வுடியின் தொப்பி எங்கே?

'டாய் ஸ்டோரி 2' படம் பார்த்திருக்கிறீர்களா, குட்டீஸ்? கௌபாய் பொம்மை வுடியும், விண்வெளி வீரர் பஸ்ஸும் கலக்குவார்களே, அதே படம்தான். 1999 நவம்பரில் வெளிவந்த அந்தப் படம், அதற்கு முந்தைய ஆண்டே காணாமல் போகப் பார்த்தது!

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள பிக்ஸார் நிறுவனத்தில் 1998-இல் நடந்த சம்பவம் இது. ஓரன் ஜேக்கப் என்ற தொழில்நுட்ப அதிகாரியும் அவருடன் வேலை செய்தவர்களும் வுடியின் ஃபைல்களைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று தொப்பியைக் காணோம். அடுத்து பூட்ஸைக் காணோம். கொஞ்ச நேரத்தில் வுடியையே காணோம்! பதறிப்போய், சர்வர் அறைக்கு போன் செய்து, இணைப்பையே பிடுங்கச் சொன்னார்கள். அதற்குள் படத்தில் சுமார் 90 சதவீதம் அழிந்துவிட்டது.

திருடனும் இல்லை, வைரஸும் இல்லை. யாரோ தவறான இடத்தில் 'ஆர்எம்' என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டார். 'ரிமூவ்' என்பதன் சுருக்கம் அது. அன்றைய யூனிக்ஸ் கணினிகளில் இருந்த அதே கட்டளை, இன்றைய லினக்ஸிலும் இருக்கிறது. இரண்டே எழுத்து, ஆனால் முரட்டு ஆசாமி! மவுஸால் அழிக்கும் ஃபைல் பெரும்பாலும் குப்பைத்தொட்டிக்குப் போகும்; வேண்டுமானால் திரும்ப எடுக்கலாம். இவரோ ஒரேயடியாக அழித்துவிடுவார்.

'அதனாலென்ன, பேக்கப் இருக்குமே' என்கிறீர்களா? பிக்ஸாரிலும் அப்படித்தான் நினைத்தார்கள். காந்த நாடாக்களில் நகல் எடுத்துத்தான் வந்தார்கள். ஆனால், அந்த நகல் சரியாகப் பதிவாகவில்லை. யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. தேவைப்பட்ட நாளில்தான் குட்டு வெளிப்பட்டது!

எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, கேலின் சஸ்மன் என்ற பெண் அதிகாரிக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அவருக்குக் குழந்தை பிறந்திருந்ததால், வீட்டிலிருந்தே வேலை செய்ய ஒரு கணினி வைத்திருந்தார். படத்தின் நகல் அதில் இருந்தது! காரில் ஓடிப்போய், கணினியைப் போர்வைகளால் சுற்றி, பின் இருக்கையில் சீட் பெல்ட் போட்டு, மெதுவாக அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். கைக்குழந்தையைக் கூட்டி வருவதுபோல! பிறகு ஆயிரக்கணக்கான ஃபைல்களை ஆட்களே கண்ணால் பார்த்துச் சரிசெய்தார்கள். அழித்தது யார் என்று தேடிக்கொண்டிருக்கவில்லை. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

கணினிக்காரர்கள் '3-2-1' என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மொத்தம் 3 பிரதிகள், 2 வகையான சாதனங்களில், அதில் 1 வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ. உங்கள் வீட்டுப் பழைய கணினியில் லினக்ஸைப் போட்டு, குடும்பப் புகைப்படங்களைச் சேமிக்கும் குட்டி சர்வராக்கலாம். இன்னொரு பிரதியைப் பென்டிரைவில் போட்டுப் பாட்டி வீட்டில் கொடுத்துவையுங்கள். விடுமுறைக்குப் போகும்போது அதைத் திறந்து, படங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை தெரியுமா? 'டெபியன்' என்ற லினக்ஸின் பதிப்புகளுக்கெல்லாம் டாய் ஸ்டோரி பாத்திரங்களின் பெயர்கள்தான். 1996-இல் 'பஸ்', 2002-இல் 'வுடி'. 1996-இல் டெபியனின் தலைவராக இருந்த புரூஸ் பெரன்ஸ், பிக்ஸாரில் வேலை பார்த்தவர்! அவ்வப்போது உடைந்துபோகக்கூடிய நிலையற்ற பதிப்புக்கு மட்டும் என்றைக்கும் ஒரே பெயர்: 'சிட்'. முதல் படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன்!