'பேசாதே' என்பதன் ஸ்பானிய இலக்கணம்

தமிழில் 'பேசு' என்பதன் எதிர்மறை 'பேசாதே'. 'இல்லை பேசு' என்று யாரும் சொல்வதில்லை. ஏவுவதற்கு ஒரு வடிவம், விலக்குவதற்கு இன்னொரு வடிவம். அறபிலும் அப்படியே. 'உக்துப்' என்றால் எழுது. 'லா தக்துப்' என்றால் எழுதாதே. ஓய்வு நேரத்தில் நான் கற்றுவரும் ஸ்பானிய மொழியிலும் இதே வழக்கத்தைக் கண்டேன். அதனைத் தோழியருடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஸ்பானிய வினைச்சொற்கள் ஆர், ஏர், இர் எனும் மூன்று ஈறுகளில் முடியும். ஆப்லார் (பேசுதல்), கோமேர் (உண்ணுதல்), எஸ்கிரிபிர் (எழுதுதல்) மூன்றும் ஒழுங்கான வினைகள். தோழியிடம் 'பேசு' என்பதற்கு 'ஆப்லா', 'சாப்பிடு' என்பதற்கு 'கோமே', 'எழுது' என்பதற்கு 'எஸ்கிரிபே' என்போம்.

விலக்கும்போது முன்னால் 'நோ' வரும். அது மட்டும் போதாது. ஈறும் மாற வேண்டும். 'பேசுகிறேன்' எனப் பொருள்படும் 'ஆப்லோ'வில் கடைசி ஓகாரத்தை நீக்குங்கள். ஆர் வினைக்கு 'ஏஸ்' சேருங்கள். ஏர், இர் வினைகளுக்கு 'ஆஸ்' சேருங்கள்.

நோ ஆப்லேஸ் – பேசாதே
நோ கோமாஸ் – சாப்பிடாதே
நோ எஸ்கிரிபாஸ் – எழுதாதே

மரியாதைக்குரிய ஒருவரிடம் பேசும்போது இறுதி 'ஸ்' மறையும்: நோ ஆப்லே. பலரிடம் பேசும்போது 'ன்' வரும்: நோ ஆப்லேன். 'அதை' எனும் 'லோ'வும் இடம் மாறும். 'கோமேலோ' என்றால் அதைச் சாப்பிடு. 'நோ லோ கோமாஸ்' என்றால் அதைச் சாப்பிடாதே.

ஈறு ஏன் மாறுகிறது? இது விருப்பத்தையும் ஐயத்தையும் சொல்லும் வினைவடிவம். 711 முதல் 1492 வரை முஸ்லிம்கள் ஆண்ட அந்தலூஸ் மண்ணில், 'அல்லாஹ் நாடினால்' எனும் அறபுத் தொடரிலிருந்து பிறந்த ஸ்பானியச் சொல் 'ஓஹலா'. அதற்குப் பின்னும் இவ்வடிவமே வரும். 'ஓஹலா ஆப்லே' என்றால் 'அவள் பேசமாட்டாளா!' எனும் ஏக்கம். பெரியவரிடம் 'பேசுங்கள்' என்று வேண்டுவதும் இதே 'ஆப்லே'தான்.

ஆகவே, தோழியைத் தடுக்கும்போதுகூட ஸ்பானிய மொழி விருப்பத்தின் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது. வீட்டிலும் வகுப்பிலும் நாளெல்லாம் எத்தனை 'செய்யாதே'க்களைக் கேட்கிறோம், சொல்கிறோம்! தடுப்பவர் மனத்தில் நம்மைப் பற்றிய ஒரு விருப்பமும் இருக்கும். நம் காதில் விழுவது தடை மட்டுமே. ஸ்பானிய இலக்கணத்தில் அந்த விருப்பம் சொல்லின் ஈற்றிலேயே தெரிகிறது.