ஒரே திரையில் இரு கைவண்ணம்

லினக்ஸ் இயங்குதளம் கொண்ட கணினியொன்றின் திரையிலே இரண்டு செயலிகள் அருகருகே திறந்திருக்கின்றன. ஒன்றிலே பட்டியல்கள் மேலே வரிசையாக நிற்கின்றன. மற்றதிலே அவை ஒரு மூலைப் பொத்தானுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. பொத்தான்களின் வடிவும் வேறு. ஒரே கணினியில் இவ்வேற்றுமை நேர்ந்தது எங்ஙனம்?

பொத்தான், பட்டியல், எழுத்துப்பெட்டி ஆகியவற்றை ஒவ்வொரு செயலியும் தானே ஆக்கிக்கொள்வதில்லை. ஆயத்தமான கருவித்தொகுதி ஒன்றிலிருந்து பெற்றுக்கொள்கிறது. லினக்ஸில் அத்தகைய தொகுதிகளுள் முதன்மையானவை கியூற், ஜி.ரி.கே. என்னும் இரண்டுமாம். இரு தச்சர் செய்த கதவுகளும் சன்னல்களும் ஒரே வீட்டிற் பொருத்தப்பட்டாற் போன்றது இது.

1996ஆம் ஆண்டில் ஜேர்மனிய மாணவரான மத்தியாஸ் எற்றிக், செயலிகள் யாவும் ஒத்த தோற்றமுடையனவாதல் வேண்டும் என்னும் நோக்குடன் கே.டி.ஈ. திட்டத்தைத் தொடங்கினார். அதற்கு அவர் தேர்ந்தது கியூற். அத்தொகுதியின் அக்கால உரிமவிதிகள் கட்டற்ற மென்பொருளுக்குரிய சுதந்திரத்தை முற்றாக அளிக்கவில்லை எனக் கருதியோர், 1997இல் ஜி.ரி.கே.யைக் கொண்டு குனோம் திட்டத்தை எழுப்பினர். இவ்வாறு ஒற்றுமை நாடிய முயற்சி, சுதந்திரத்தின் பொருட்டு இரண்டாயிற்று. 2000இல் கியூற் கட்டற்ற உரிமத்தில் வெளிவந்தது; ஆயினும் அதற்குள் இரு மரபுகளும் வேரூன்றிவிட்டன.

2002இல் றெட் ஹாட் நிறுவனம் தனது 8.0 பதிப்பிலே இரண்டுக்கும் ‘புளூகேர்வ்’ என்னும் ஒரே ஒப்பனையை அணிவித்தது. தத்தம் தனித்தன்மை மறைக்கப்பட்டதெனக் கே.டி.ஈ. தரப்பினர் சிலர் குறைகூறினர். வெளிவண்ணம் ஒன்றானாலும், பொத்தான்களின் ஒழுங்கும் கோப்பைத் திறக்கும் சாளரமும் வேறாகவே இருப்பதுண்டு. கதவுகளுக்கு ஒரே வர்ணம் பூசலாம்; தாழ்ப்பாள் எப்பக்கம் என்பதை வர்ணம் மாற்றாது.

2019இல் குனோம் செயலிகளை ஆக்குவோர் பலர் பகிரங்கக் கடிதமொன்றை வெளியிட்டனர். லினக்ஸை வழங்குவோர் தாமாகவே ஒப்பனையை மாற்றும்போது சில இடங்களில் எழுத்தே தெரியாமற் போகிறது என்பதும், அப்பழி செயலியை ஆக்கியவரையே சேர்கிறது என்பதும் அவர்தம் முறைப்பாடு. பயனர் தம் கணினியைத் தாமே மாற்றியமைப்பதை அவர்கள் மறுக்கவில்லை.

இவ்வழக்கிற்கு இப்போது ஒரு நடுவழி பிறந்துள்ளது. இருள்வண்ணம் வேண்டுமெனப் பயனர் ஒரே இடத்திற் குறித்தால், இரு மரபுச் செயலிகளும் அவ்விருப்பத்தைக் கேட்டறிந்து, தத்தம் முறையில் இணங்குதற்கு ஒரு பொதுவிதி வகுக்கப்பட்டது. 2022இல் வெளிவந்த குனோம் 42 அதனைக் கைக்கொண்டது. மேலும் ஒருமைப்பாடு விரும்புவோர், இயன்றவரை ஒரே மரபுச் செயலிகளைத் தெரிந்து, இரண்டுக்கும் ஒரே எழுத்துருவையும் ஒரே சின்னத்தொகுதியையும் அமைத்துக்கொள்ளலாம்.

பார்வை குன்றிய முதியவருக்கு வேண்டுவது, எழுத்துத் தெளிவாய்த் தெரிவதும், தேடிய பொத்தான் எதிர்பார்த்த இடத்தில் இருப்பதுமே. அவ்வளவில் இரு தச்சரும் உடன்படுவராயின், வீடு குடியிருக்கத் தக்கதாகும்.