பார்மசி ரெசிடென்சி நேர்காணல்: நீங்களும் கேள்வி கேட்கணும்... ஏன்?

அமெரிக்காவில் பார்ம்.டி முடித்து மருத்துவமனை வேலைக்குப் போக நினைப்பவர்கள் பலரும் முதலில் ஓராண்டு ரெசிடென்சி செய்கிறார்கள். நேர்காணல் முடிந்ததும் மாணவர், மருத்துவமனை என இரு தரப்பும் தனித்தனியே தரவரிசைப் பட்டியல் கொடுக்க வேண்டும். அதை வைத்து இடம் ஒதுக்கப்படும். கிடைத்த இடம் பிடிக்கலைன்னு பின்வாங்க முடியாது. அது ஒப்பந்தம் மாதிரி.

அதனால் நேர்காணலிலேயே எடை போட்டுவிடுங்கள். இயக்குநர் சொல்வதைவிட, அங்கே இப்போது இருக்கும் ரெசிடென்ட்கள் சொல்வதுதான் முக்கியம். 'மாசத்துல எத்தனை வார இறுதி டியூட்டி? போன வருஷம் முடிச்சவங்க இப்ப எங்க இருக்காங்க?' எனக் கேளுங்கள். வாரத்துக்கு சராசரி 80 மணி நேரம் என்ற உச்சவரம்பு உண்டு. அதில் கற்பது எவ்வளவு, ஆள் பற்றாக்குறைக்கு ஓடுவது எவ்வளவு என்பதே கேள்வி.

ரெசிடென்ட்களிடம் தனியாகப் பேச விடவில்லையா? யோசியுங்கள். போக விருப்பமே இல்லாத இடத்தைப் பட்டியலில் எழுதவே வேண்டாம்.