மிஷின் காட்டும் எடை... மனசு சுமக்கும் எடை!

கல்யாண வீடு. குரூப் போட்டோவுக்கு எல்லோரும் மேடையில் நிற்கிறார்கள். ‘‘அக்கா, நீங்களும் வாங்க!’’ என்று யாரோ கூப்பிட, அந்த அக்கா சிரித்துக்கொண்டே சொல்கிறார்: ‘‘ஐயோ, நான் நின்னா பாதி போட்டோவை நானே அடைச்சிடுவேன்!’’

எல்லோரும் சிரிக்கிறார்கள். அவரும்தான் சிரிக்கிறார். ஆனால் ராத்திரி வீட்டுக்கு வந்ததும், கண்ணாடிக்கு முன்னால் நிற்கக்கூடப் பிடிக்காமல் விளக்கை அணைத்துவிடுகிறார்.

இதில் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு ஒன்று உண்டு. அந்த அக்காவுக்கு பிளட் பிரஷர். டாக்டரைப் பார்த்து இரண்டு வருடமாகிறது. பழைய சீட்டைக் காட்டியே மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். காரணம் கேட்டால், ‘‘போனதும் எடை மிஷின்ல ஏறச் சொல்வாங்க. அந்த நர்ஸ் முகத்தை யார் பார்க்கிறது?’’ என்கிறார்.

இப்படிப்பட்ட அக்கா பல வீடுகளில் இருக்கிறார். அண்ணன்களும் இருக்கிறார்கள்! 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேருக்கு உடல் எடை அளவுக்கு மேல் இருக்கிறது. ஆண்களிலும் 37 சதவிகிதம் பேருக்கு இதே நிலைதான்.

கேலி உள்ளே போய்விட்டால்...

ஊர் நம்மைக் கேலி செய்வது ஒரு ரகம். அந்தக் கேலியை நாமே நம்பி, ‘நான் சோம்பேறி, வாயைக் கட்டத் தெரியாதவள், எனக்கு நல்ல புடவை ஒரு கேடா?’ என்று நம்மை நாமே மட்டம் தட்டிக்கொள்வது இன்னொரு ரகம். இதைச் ‘சுய இளக்காரம்’ என்று சொல்லலாம். மனநல ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து பார்க்கவே 2008-ல் ஒரு கேள்வித்தாளைத் தயாரித்தார்கள்.

‘‘நாலு பேர் சொன்னாத்தானே ரோஷம் வந்து எடையைக் குறைப்பாங்க?’’ என்று சிலர் கேட்கலாம். நடப்பது நேர்மாறு! அமெரிக்காவில் 6,000 பேருக்கு மேல் நான்கு வருடங்கள் தொடர்ந்து கவனித்து, 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் உடல் பருமன் இல்லாதவர்களில், எடைக்காக மட்டமாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்களுக்குப் பிறகு பருமன் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் இரண்டரை மடங்கு இருந்தது.

ஏன் அப்படி? யோசித்துப் பாருங்கள். கேலிக்குப் பயந்து வாக்கிங் போவது நிற்கிறது. எல்லோர் முன்னாலும் கொறித்துவிட்டு, தனியாக இருக்கும்போது மனக்கஷ்டத்துக்கு வயிறு நிறையச் சாப்பிடத் தோன்றுகிறது. டாக்டரிடம் போவதும் தள்ளிப்போகிறது. ‘எப்படியும் என்னால முடியாது’ என்று நினைப்பவருக்கு டயட் சார்ட் எதற்கு?

இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா?

எடையைக் குறைத்தால் மனசு தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு வேலையையும் ஒன்றாகவே ஆரம்பிக்கலாம்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். எடையால் அவமானப்பட்டு, அதை மனசுக்குள்ளும் ஏற்றிக்கொண்ட 72 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சாப்பாடு, உடற்பயிற்சிப் பாடங்கள். இன்னொரு பிரிவுக்கு அதே பாடங்களோடு, சுய இளக்காரத்தை எதிர்கொள்ளும் பயிற்சியும் கிடைத்தது. 26 வார முடிவில் இரண்டு பிரிவிலுமே எடை குறைந்தது. தன்னைத் தானே இகழ்வதும் குறைந்தது. எடைக் குறைப்பில் இரண்டுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

‘‘அப்புறம் எதுக்கு அந்தப் பயிற்சி?’’ என்கிறீர்களா? மனப் பயிற்சி கொழுப்பைக் கரைக்கும் மந்திரம் அல்ல. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், ‘தட்டிக் கொடுத்தா அவ இன்னும் சோம்பேறியாயிடுவா’ என்று வீட்டில் பயப்படுகிறார்களே, அதற்கும் இந்த ஆய்வில் ஆதாரமில்லை. தன்மானத்தோடு இருப்பது எடை குறைந்த பிறகு கிடைக்கும் பரிசு அல்ல. அது இன்றைக்கே உங்களுக்கு உரியது.

வீட்டில் இருந்தபடியே கவுன்சலிங்

மனநல நிபுணரைத் தேடிப் போகவும், அங்கே நாலு பேர் முன்னால் உட்காரவும் கூச்சமா? செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ வீடியோ மூலம் பேசலாம். பொதுவாக வாரம் ஒரு முறை, முக்கால் மணி நேரம். கதவைச் சாத்திக்கொண்டோ மொட்டை மாடியிலோ உட்கார்ந்து பேசுங்கள். எடை மிஷின் அங்கே எட்டிப் பார்க்காது!

நிபுணர் என்ன செய்வார்? முதலில், எடைக்குப் பரம்பரை, தைராய்டு, பி.சி.ஓ.எஸ்., ஸ்டீராய்டு போன்ற மருந்துகள், தூக்கமின்மை என்று பல காரணங்கள் இருப்பதைப் புரியவைப்பார். அடுத்து, நோட்டில் மூன்று பத்தி போடச் சொல்வார்.

நடந்தது: மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது.

மனசு சொன்னது: ‘நான் எதுக்குமே லாயக்கில்லை.’

நிஜம்: ‘பழக்கம் விட்டுப்போச்சு. போன வாரம் ஒரு மாடி ஏறினேன், இன்னிக்கு ரெண்டு.’

கேலி செய்பவருக்குச் சண்டை போடாமல் பதில் சொல்லவும் ஒத்திகை நடக்கும். ‘‘என் உடம்பைப் பத்திப் பேச வேண்டாம் சித்தி, வேற பேசலாம்’’ – இதைச் சொல்லிப் பழகினால்தான் வாய் வரும்.

கவனிக்க வேண்டியவை

பேசப்போகிறவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. பதிவு எண்ணைக் கேளுங்கள். சைக்கியாட்ரிஸ்ட் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு. ‘பத்தே நாளில் பத்து கிலோ’ என்பவரிடம் போகாதீர்கள்.

யாரிடம் பேசுவது என்றே தெரியவில்லையா? மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் எண் 14416-ல், தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வலிய வாந்தியெடுக்கும் பழக்கமோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணமோ இருந்தால், திரையோடு நிறுத்தாமல் உடனே டாக்டரை நேரில் பாருங்கள்.

எடைக் குறைப்புக்கும் சின்ன இலக்கு போதும். 2002-ல் வெளியான புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில், ஷுகர் வரும் கட்டத்தில் இருந்தவர்களுக்கு வைத்த இலக்கு, எடையில் 7 சதவிகிதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட நடையும்தான். ஷுகர் வருவது 58 சதவிகிதம் குறைந்தது. 80 கிலோ இருப்பவருக்கு 7 சதவிகிதம் என்பது ஐந்தரை கிலோ சொச்சம். சினிமா நடிகை மாதிரி ஆக வேண்டியதே இல்லை!

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘குண்டு’, ‘பூசணிக்காய்’ எல்லாம் செல்லப் பேர் அல்ல. சாப்பிடும்போது தட்டை உற்றுப் பார்க்காதீர்கள். ‘‘வா, காலாறக் கொஞ்சம் நடந்துட்டு வரலாம்’’ என்று கூட நடங்கள். பிள்ளைகள் உங்களைப் பார்த்துத்தான் பேசக் கற்றுக்கொள்கிறார்கள்.

அந்த அக்கா செய்ய வேண்டிய முதல் வேலை பட்டினி கிடப்பது அல்ல. இந்த வாரமே டாக்டரிடம் போய் பிளட் பிரஷரைப் பார்ப்பது. அடுத்த கல்யாணத்தில்? எடை ஒரு கிலோகூடக் குறையாவிட்டாலும் பரவாயில்லை... முன் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது!