படத்திற் படாத நோய்

மாடிப்படி ஏறுங்கால் மார்பின் நடுவே பளுவான பொருளொன்றை ஏற்றி வைத்தாற்போல அழுத்தம் உண்டாகும். சற்றே நின்று இளைப்பாறின் அது தணியும். இந்நோயை 1768ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் மருத்துவர் அவையில் விளங்க விரித்துரைத்து, 'ஆஞ்சைனா' எனப் பெயருமிட்டவர் வில்லியம் எபெர்டன் என்பார். தாம் கண்ட ஏறத்தாழ 100 நோயாளருள் பெண்டிர் மூவரே என்றும் அவர் குறித்து வைத்தனர். இக்குறிப்பை நண்பர்கள் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இதயத்தசைக்கு உணவாகிய குருதியைக் கொணரும் பெருங்குழாய்கள் அதன் மேற்புறத்தே ஓடுகின்றன. அவை கிளைத்துக் கிளைத்து, அரை மில்லிமீட்டரினும் குறுகித் தசையினுட் புகுந்து நுண்குழாய்களாகின்றன. ஏரியினின்று வரும் வாய்க்காலையும், அதனினின்று வயலுக்குப் பிரியும் மடைகளையும் இதற்கு உவமையாகக் கொள்ளலாம். வாய்க்கால் தூர்ந்துபோயின் பயிர் வாடும். வாய்க்கால் நிறைய நீர் ஓடியும் மடைகள் திறவாவிடின் அப்பொழுதும் பயிர் வாடவே செய்யும். முன்னது யாவரும் அறிந்த அடைப்பு நோய். பின்னதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட நுண்குழாய் நெஞ்சுவலி. உழைப்பு மிகும்போது நுண்குழாய்கள் வேண்டுமளவு விரியாமையாலோ, அவற்றின் சுவர் தடித்தமையாலோ, அவை திடீரெனச் சுருங்குவதாலோ இது விளைகின்றது.

1958இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டு நகரில் மேசன் ஸோன்ஸ் என்னும் மருத்துவர், இதயக் குழாயினுள்ளேயே சாயத்தைச் செலுத்தி எக்ஸ்-ரே படமெடுக்கும் முறையைத் தற்செயலாகக் கண்டார். பெரும்பயன் விளைத்த கண்டுபிடிப்பே அது. ஆயினும் அப்படத்தில் வாய்க்கால் தெரியுமேயன்றி மடை தெரியாது. ஆஞ்சைனாவின் குறியெல்லாம் உடையாராய் வந்த சிலருக்குப் படமெடுத்துப் பார்த்தபோது குழாய்கள் தூயனவாயிருந்தன. மருத்துவர் மயங்கினர். 1973இல் கெம்ப் என்பார் இதற்கு 'எக்ஸ் நோய்த்தொகுதி' எனப் பெயரிட்டார். கணக்கில் அறியாத எண்ணுக்கு இடும் எழுத்தை நோய்க்கும் இட்டுவிட்டனர் என்று தமிழ் மாணவனாகிய எனக்குத் தோன்றுகின்றது! கானன், எப்ஸ்டைன் என்னும் இருவர் 1988இல் நுண்குழாயின் பெயரையே இதற்குச் சூட்டினர்.

நிற்க. நோயாளிக்குப் பெயரால் ஆவதென்ன? 'இன்னும் பத்தாண்டில் நான் என்னாவேன்?' என்பதன்றோ அவர் வினா? இதற்கு விடை காண நோயாளரைப் பல்லாண்டு தொடர்ந்து கண்காணிப்பதன்றி வேறு வழியில்லை. 1986இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, படத்திற் குழாய் தூயனவாயிருந்த 3,136 பேரைத் தொடர்ந்து, ஏழாண்டு கழிந்த பின்னும் 100க்கு 96 பேர் உயிரோடிருப்பர் என்று காட்டிற்று. இதனைக் கொண்டு, 'உமக்கு ஒன்றுமில்லை, அஞ்சாது போய்வாரும்' என்று கூறி அனுப்புவது வழக்கமாயிற்று. வலி நீங்காமல் மீண்டும் வந்தோரை, 'மனத்தில் தோன்றும் நோய்' என்றவரும் உளர்.

எண் மெய்யே, அதனினின்று கொண்ட முடிவுதான் பிழை. படம் தூயதாயிருந்தார் எல்லாரும் ஒரு கூட்டமாகக் கொள்ளப்பட்டமையின், வயிற்றுப் புளிப்பாலும் தசைப்பிடிப்பாலும் நெஞ்சு நொந்தாரும் அதிற் கலந்திருந்தனர். நோயற்றார் பலர் கலந்தால் நோயுற்றார் சிலரின் இடர் மறைந்துபோகாதோ? மேலும், உயிரோடிருத்தல் வேறு, நலமாயிருத்தல் வேறு. இறந்தாரை எண்ணுங் கணக்கிலே, படியேற மாட்டாது வீட்டிலே அடங்கிய ஒருவர் 'நலமுற்றார்' பக்கத்தில் நிற்கின்றார். எல்லாவற்றினும் பெரிய குறை, ஒப்புநோக்கியது யாரோடு என்பதே. குழாய் அடைத்தாரோடு ஒப்பிட்டால் இவர் நற்பேறுடையார். நோயில்லாத அண்டை வீட்டாரோடு ஒப்பிட்டால்?

அவ்வொப்பீட்டைச் செய்தோர் டென்மார்க்கு நாட்டார். 1968 முதல் அந்நாட்டில் குடிமகன் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் உண்டு. மருத்துவமனை புகுவதும் இறப்பதும் அவ்வெண்ணின் கீழ்ப் பதிவாகும். எனவே நோயாளர் எங்குச் சென்றாலும் ஆராய்ச்சியாளர் கண்ணுக்குத் தப்பார். 1998 முதல் 2009 வரை ஆஞ்சைனாவுக்காகப் படமெடுக்கப்பட்ட 11,223 பேரை ஆராய்ந்து, 2012இல் முடிவை வெளியிட்டனர். பெண்டிருள் 100க்கு 65 பேருக்கும் ஆடவருள் 32 பேருக்கும் பெருங்குழாயில் அடைப்பில்லை. கோப்பன்ஹேகன் நகரத்தில் இதயநோயில்லாத 5,705 பேரோடு ஒப்பிட்டு, வயது, புகைப்பழக்கம் முதலிய வேற்றுமைகளைக் கழித்துப் பார்க்க, குழாய் முற்றுந் தூயனவாயிருந்தார்க்கும் மாரடைப்பு, இதயத்தளர்ச்சி, பக்கவாதம், இதயநோய்ச் சாவு ஆகியவற்றின் இடர் ஒன்றரை மடங்கு மிகுந்திருந்தது. 'ஒன்றுமில்லை' என்ற சொல் இதன்பின் எங்ஙனம் நிற்கும்?

இவர்களுள்ளும் நுண்குழாய் நோயுடையார் யாவர் என்பதைப் படம் பிரித்துக் காட்டாது. அளந்தே அறிதல் வேண்டும். மருந்தால் குழாய்களை விரியச் செய்து, குருதியோட்டம் எத்துணை மடங்கு பெருகுகின்றது என்று பார்ப்பதே அவ்வளவை. அமெரிக்காவில் 1996இல் பெண்டிர் இதயநோய் பற்றித் தொடங்கிய பேராராய்ச்சியில், 189 பெண்டிர் இவ்வாறு அளக்கப்பட்டுச் சராசரி 5.4 ஆண்டு தொடரப்பட்டனர். ஓட்டம் 2.32 மடங்கும் பெருகாதவருள் 100க்கு ஏறத்தாழ 27 பேருக்குப் பெருந்தீங்கு நேர்ந்தது. அதற்கு மேற்பட்டோருள் 12 பேருக்கே நேர்ந்தது. மடையை அளந்தபின் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

2021இல் வெளிவந்த ஆராய்ச்சி ஏழு நாடுகளின் 14 மருத்துவ நிலையங்களில் நோய் உறுதிப்பட்ட 686 பேரைப் பற்றியது. ஓராண்டில் 100 பேருக்கு ஏறத்தாழ எட்டுத் தீங்குகள் நேர்ந்தன. அவற்றுட் பெரும்பாலன சாவு அல்ல. வலி முற்றி மருத்துவமனை புகுதலே. நோயாளருள் 100க்கு 64 பேர் பெண்டிர். எபெர்டனின் மூவரை இங்கு நினைக்க! எனினும் பின்விளைவில் ஆண் பெண் வேற்றுமை காணப்படவில்லை. இந்த ஆராய்ச்சி தொடர்ந்த காலம் ஓராண்டுக்குச் சிறிதே மிகுதி. நீண்டகாலம் என்னும் சொல்லுக்கு இது போதாதென்பதே என் கருத்து.

ஸ்காட்லாந்தில் நடந்து 2018இல் முடிவு வெளியான ஒரு சோதனையில், படத்தில் அடைப்பில்லாத 151 பேருக்கு நுண்குழாய் அளவை செய்யப்பட்டது. ஒரு பாதியாருக்கு மருத்துவர் அதன் முடிவைக் கண்டு, உரிய மருந்தளித்தனர். மறுபாதியாருக்கு முடிவு மறைக்கப்பட்டு, பழைய வழக்கப்படி மருத்துவம் நடந்தது. ஆறு திங்களில் முன்னவர்க்கு வலி குறைந்தது, வாழ்க்கை நலமும் மிக்கது. சாவு, மாரடைப்பு முதலியவற்றில் இரு பாலார்க்கும் வேற்றுமையில்லை. அவ்வேற்றுமை உண்டா என அறிய ஆறு திங்கள் போதா. டென்மார்க்கினர் செய்தாற்போல ஆண்டுகளை எண்ணவேண்டும்.