குடிபுகுமுன் பெறவேண்டிய சான்றிதழ்

புதுவீட்டில் குடிபுக நாள் குறிப்போரில் எத்தனை பேர், அதற்கு முன்னர் தமது பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ மீண்டும் ஒரு தடவை சென்று வருகின்றனர்? கட்டட வரைபடத்துக்கு அனுமதி கிடைத்ததும் சபையுடனான அலுவல் முடிந்துவிட்டதென்றே நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அங்கு முடிவது பாதி அலுவலே.

மற்றைய பாதிதான் இணக்கச் சான்றிதழ். குடிபுகு சான்றிதழ் என்றும் இதனைக் கூறுவர். அனுமதிக்கப்பட்டவாறே வீடு கட்டப்பட்டுள்ளது என்பதற்குச் சபை வழங்கும் அத்தாட்சி இது. இச்சான்றிதழின்றிப் புதிய கட்டடத்தில் குடியிருத்தலாகாது என்பது இன்று நேற்று வந்த விதியன்று. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்திலேயே அது உள்ளது. நகர அபிவிருத்திப் பகுதிகளாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் இதனையே வேண்டுகின்றது. அச்சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அனுமதி ஓராண்டுக்கே செல்லுபடியாகும். மேலும் இரண்டாண்டுகள் வரை நீடிக்கலாம். வெளிநாட்டுப் பணம் வரும்போது ஓர் அறையும், வராதபோது வெறுஞ்சுவருமாக ஆண்டுக்கணக்கில் வீடு எழுப்புவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

வீடு முடிந்ததும் சபையின் தொழினுட்ப உத்தியோகத்தர் வரைபடத்துடன் வந்து ஒப்பிடுவார். தெருக்கோடு, பின்புறத் திறந்தவெளி, மலசலகூடக் குழி, மழைநீர் வடிகால் என்பனவே பெரும்பாலும் பார்க்கப்படுகின்றன. வரைபடத்தில் இல்லாத சமையலறை பின்னால் முளைத்திருப்பதும், முன்புறம் தெருவரை கடையொன்று நீண்டிருப்பதும் அப்போதுதான் வெளிப்படுகின்றன.

கிழக்கில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. மகளுக்கு வீடு கொடுத்தே திருமணம் செய்துவைப்பது அங்கு தமிழர், முஸ்லிம்கள் இருசாராரதும் வழக்கம். தாயின் வளவு மகள்மாருக்குப் பங்கிடப்பட்டு, அவர்களின் மகள்மாருக்காக மீண்டும் துண்டாகின்றது. நகர அபிவிருத்திப் பகுதியில் வீட்டுக்காணி பொதுவாக 150 சதுர மீற்றருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறு பேர்ச்சஸுக்குக் குறையலாகாது. காணிப் பிரிப்புக்கும் சபையின் அங்கீகாரம் வேண்டும். நொத்தாரிசு எழுதிய உறுதி அதற்கு ஈடாகாது. காத்தான்குடி, மருதமுனை போன்ற நெருக்கமான மணற்பாங்கு ஊர்களில் ஒரு வீட்டுக் குழியின் கழிவு அடுத்த வீட்டுக் கிணற்றை எட்டுவதற்கு அதிக தூரமில்லை. விதியின் நியாயம் அந்தக் கிணற்றுக்குள்தான் இருக்கின்றது. ஆயினும் காணிப் பஞ்சத்தைத் தீர்க்க வழி காட்டாது விதியை மட்டும் நீட்டுவதும் நியாயமாகாது என்பதையும் இங்கு கூறியே ஆகவேண்டும்.

சான்றிதழ் இல்லாக் குறை பல ஆண்டுகளின் பின்னரே வீட்டுக்காரரை வருத்துகின்றது. வங்கிக் கடனுக்கு வீட்டை ஈடுவைக்கும்போதோ விற்க முனையும்போதோ அது கேட்கப்படுகின்றது. அனுமதியை மீறிய கட்டடத்தை அகற்ற நீதவான் நீதிமன்றத்தின் கட்டளையைப் பெறவும் சட்டத்தில் இடமுண்டு. சோலைவரிப் பற்றுச்சீட்டைக் காட்டி வாதிடுவோரை நாம் கண்டிருக்கின்றோம். சபை வரி அறவிடுவதாற் கட்டடம் சட்டபூர்வமாகிவிடாது. மின்னிணைப்புக் கிடைத்ததாலும் ஆகாது.

விண்ணப்பித்தவரைப் பரிசோதனைக்காக மாதக்கணக்கில் காக்கவைக்கும் சபைகளுக்கும் இந்நிலையில் பங்குண்டு. குடிபுகும் நாளை அத்தனை காலம் ஒத்திவைக்க எந்தக் குடும்பத்தாலும் முடியாது. மேலதிகமாக ஓர் அறை வேண்டுமெனில் அத்திவாரம் வெட்டுமுன் திருத்திய வரைபடத்தைச் சமர்ப்பித்துவிடலாம். சுவர் எழும்பிய பின்னர் அதே அறைக்கு அங்கீகாரம் தேடுவதிற் செலவும் அலைச்சலும் அதிகம். விதிக்கு முரணாயின் அதுவும் கிடைக்காது.