ரோடு இல்லாத ஊருக்கு ஒன்பது சீட்டு விமானம்

மூணு வாரமா எபிசோடு வரலையேன்னு நிறைய பேர் மெசேஜ் போட்டிருந்தீங்க. அலாஸ்கா போயிருந்தோம். அக்கா ஃபேர்பேங்க்ஸ்ல வேலை பார்க்குறா. ஜூன் மாசம் அம்மா, அப்பா, நான் மூணு பேரும் அவளைப் பார்க்கக் கிளம்பிட்டோம். மலை, பனிப்பாறை போட்டோவெல்லாம் ஏற்கெனவே போட்டாச்சு. இன்னைக்கு நான் பேசப்போறது அந்த ஊர்ல குட்டி விமானம் எப்படி ஓடுதுங்கிறதைப் பத்தி. ஆமா, ‘பறக்குது’ன்னு சொல்லல, ‘ஓடுது’ன்னுதான் சொல்றேன். அங்கே அது மினி பஸ் மாதிரிதான்.

முதல்ல அளவைப் புரிஞ்சுக்கோங்க. அலாஸ்காவின் பரப்பு சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவில் பாதிக்கும் மேல. மக்கள்தொகை ஏழு லட்சத்துச் சொச்சம்தான். அங்கே அஞ்சு ஊர்ல நாலு ஊருக்கு வெளியிலிருந்து ரோடே கிடையாது. ரோடு போடுறதும் லேசு இல்ல. பல இடங்கள்ல தரைக்குள்ளே மண் வருஷம் முழுக்க உறைஞ்சே கிடக்கும். மேலே தாரைப் போட்டா அடியிலிருக்கிற பனி இளகி ரோடு உள்வாங்கிடும். அதனால 1920-களிலேயே விமானம்தான் வழின்னு முடிவாயிடுச்சு. 1924-ல் பென் ஐல்சன் என்ற பைலட் ஃபேர்பேங்க்ஸிலிருந்து மெக்ராத்துக்குத் தபால் மூட்டையோடு பறந்தார். நாய் வண்டியில் வாரக்கணக்கில் ஆகிற தூரத்துக்கு அவருக்கு மூணு மணி நேரம்கூட ஆகலை.

நாங்க போக நினைச்சது அனக்டுவுக் பாஸ். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, புரூக்ஸ் மலைத்தொடருக்கு நடுவுல இருக்கிற ஒரு கணவாய் ஊர். சுமார் 400 பேர். நுனமியுட் என்ற இனூபியாட் மக்கள், கரிபூ மான் கூட்டத்தைத் தொடர்ந்து நாடோடிகளா வாழ்ந்தவங்க, 1940-களின் கடைசியிலிருந்து இங்கே நிலையாகத் தங்க ஆரம்பிச்சாங்க. ஊர்ப் பேருக்கு அர்த்தம் ‘கரிபூ புழுக்கை கிடக்கிற இடம்’. அம்மா இதைக் கேட்டு ரொம்ப நேரம் சிரிச்சாங்க.

விமானம் செஸ்னா காரவான். ஒரே இன்ஜின், ஒரே பைலட், ஒன்பது பயணிகள். கவுண்டர்ல முதல் வேலையே எடை பார்க்குறதுதான். பையை மட்டும் இல்ல, ஆளையும் சேர்த்து. ஜாக்கெட், ஷூவோட மெஷின்ல ஏறி நிக்கணும். அம்மா “இதை எல்லார் முன்னாடியும் சத்தமா வேற சொல்லுவாங்களாடி?”ன்னு அக்காகிட்ட கேட்டாங்க. சொல்லல, எழுதிக்கிட்டாங்க. பெரிய விமானத்தில் ஒரு ஆளுடைய எடை கணக்கிலேயே வராது, சராசரி போட்டுக்குவாங்க. இதில் மொத்த எடை மட்டும் இல்ல, அது எங்கே உட்காருதுங்கிறதும் முக்கியம். பின்பக்கம் கனம் கூடினா மூக்கு தூக்கிக்கும், வேகம் குறையும்போது விமானத்தை அடக்க முடியாம போயிடும். அதனால எந்த சீட்டு யாருக்குங்கிறது பைலட் முடிவு. ஜன்னலோரமெல்லாம் கேட்டு வாங்க முடியாது.

பைலட் சீட்டுக்குப் பின்னாடி ஒரு பை இருந்தது. அலாஸ்கா மாநிலச் சட்டப்படி இங்கே கிளம்புற விமானங்களில் இருந்தே ஆகவேண்டிய சாமான்: ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வாரத்துக்கான சாப்பாடு, கோடாலி, கத்தி, முதலுதவிப் பெட்டி, தீ மூட்ட ஏதாவது, சைகை காட்ட ரெண்டு கருவி, தூண்டில் முள்ளும் நரம்பும், அப்புறம் ஆளுக்கொரு கொசுவலைத் தொப்பி. குளிர்காலத்தில் பனியில் நடக்கிற காலணி, தூங்கும் பை, கம்பளி எல்லாம் கூடுதலாகச் சேரும். விழுந்தா என்ன ஆகும்ங்கிறதை அந்த ஊர்ச் சட்டம் எவ்வளவு நேரடியாகப் பார்க்குது பாருங்க. எனக்கு அந்தக் கொசுவலைதான் ரொம்பப் பிடிச்சது. அலாஸ்கா கொசுவைப் பார்த்தவங்களுக்கு அது ஜோக் இல்லைன்னு தெரியும்.

முதல் நாள் விமானம் போகலை. ஃபேர்பேங்க்ஸ்ல வெயில் அடிக்குது, வானம் நீலமா இருக்கு. ஆனா போகலை. ஏன்?

இந்த மாதிரி விமானங்கள் பெரும்பாலும் கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிப்படி போறவை. வழியில் ஜான் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பிடிச்சு மலைக்குள்ளே நுழையணும். மேகம் கீழே இறங்கி ரெண்டு பக்கமும் மலைச்சுவர் நின்னா, விமானம் ஒரு மூடின குழாய்க்குள்ளே போன மாதிரி. அதனால பைலட்டுகள் பள்ளத்தாக்கின் நட்டநடுவில் போகமாட்டாங்க. ஒரு ஓரமா ஒட்டிப் போவாங்க. திரும்பணும்னா முழு அகலமும் கைவசம் இருக்கணும் இல்லையா.

மேலே என்ன நிலைமைன்னு எப்படித் தெரியும்? இதுக்குத்தான் வானிலைக் கேமரா. அமெரிக்க விமானத் துறை அலாஸ்கா முழுக்க 200-க்கும் மேற்பட்ட இடங்களில் வெச்சிருக்கு. வெப்சைட்டில் யார் வேணும்னாலும் பார்க்கலாம். ஒரு பக்கம் தெளிவான நாளில் எடுத்த படம், அதில் எந்த மலை எவ்வளவு தூரம்னு குறிச்சிருக்கும். இன்னொரு பக்கம் இப்போதைய படம். அந்த மலை தெரியலைன்னா பார்வைத் தூரம் அவ்வளவு இல்லைன்னு அர்த்தம். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரியும். அன்னைக்கு அனக்டுவுக் கேமராவில் மலையே இல்ல, வெறும் சாம்பல் நிறம்.

எங்களுக்கு எரிச்சல்தான். எங்க கையில் இருந்ததே நாலு நாள். நான் கவுண்டர்ல போய்ப் பேசலாம்னு எழுந்தேன். அக்கா கையைப் பிடிச்சு உட்கார வெச்சா. “பைலட்கிட்ட ‘போகலாமா, போகலாமா’ன்னு மட்டும் கேட்காதே. இங்கே பாதி விபத்து அங்கேதான் ஆரம்பிக்கும்”னா. பாதிங்கிறது அவ பேச்சு வழக்கு, கணக்கு இல்ல. ஆனா பயணிகளோட அவசரம் பைலட் முடிவைத் தள்ளிவிடுங்கிறது விமானப் பாதுகாப்பில் எல்லாரும் ஒத்துக்கிற விஷயம்.

அப்பா மட்டும் நிம்மதியா இருந்தார். அவர் மேட்டுப்பாளையம் – ஊட்டி மலைப்பாதையில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். “மூடுபனின்னா நான் ஓரமா நிறுத்தி லைட்டைப் போட்டுட்டு நிப்பேன். இவனால நிறுத்த முடியாதேப்பா. கிளம்பாம இருக்கிறதுதான் இவனுக்குப் பிரேக்கு”ன்னார். விமானத்தைப் பத்தி நான் அங்கே கேட்டதிலேயே இதுதான் தெளிவான விளக்கம்.

எங்க பக்கத்தில் ஒரு வயசான அம்மா உட்கார்ந்து பின்னல் போட்டுக்கிட்டிருந்தாங்க. ஃபேர்பேங்க்ஸ் ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிச்சு, மருந்துப் பையோடு ஊர் திரும்புறாங்க. நமக்கு டூர், அவங்களுக்கு வீட்டுக்குப் போற ஒரே பஸ். ரெண்டாம் நாள் மதியம் மேகம் விலகினப்போ காத்திருந்தவங்க ஒன்பதைத் தாண்டியாச்சு. அக்கா எங்க நாலு பேர் பேரையும் சாயங்கால விமானத்துக்கு மாத்தச் சொன்னா. எனக்கு மனசே இல்லைன்னுதான் சொல்லணும், ஏன்னா ஊரில் தங்குற திட்டம் அதோட போச்சு. அந்த அம்மா பின்னலைச் சுருட்டி வெச்சுட்டு, தலையாட்டிட்டு ஏறிப் போனாங்க.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல கிளம்பினோம். ஜூன்ல அங்கே சூரியன் மறையுறதில்லை, அதனால வெளிச்சத்துக்குப் பிரச்சினை இல்ல. அப்பாவுக்கு பைலட் பக்கத்து சீட்டு. யூகான் ஆறு, அப்புறம் தட்டையான சதுப்பு, அப்புறம் திடீர்னு கூர்கூராக மலை. பேசக்கூட முடியாத சத்தம். ஜல்லி ரன்வேயில் இறங்கினோம். குவாட் பைக்கில் ஆளுங்க வந்து நின்னாங்க. எங்களைப் பார்க்க இல்ல, பின்னாடி வலைக்குள்ளே கட்டியிருந்த சாமானுக்கு: முட்டை, டயப்பர், கோக், ஒரு வாஷிங் மெஷின் மோட்டார்.

இந்தச் சாமான் வர்றதுக்கு ஒரு தனி ஏற்பாடு இருக்கு, ‘பைபாஸ் மெயில்’னு பேரு. குறைஞ்சது 1,000 பவுண்டு, அதாவது சுமார் 450 கிலோ சேர்ந்தா, மளிகையை போஸ்ட் ஆபீஸுக்குள்ளே கொண்டுபோகாமலே நேரா விமானத்தில் ஏத்தலாம், தபால் கட்டணத்திலேயே. தபால் துறைக்கு இதில் நஷ்டம்தான். வாஷிங்டன்ல அடிக்கடி இதை நிறுத்தணும்னு பேச்சு வரும். நிறுத்தினா அந்த முட்டை விலை என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

ஊரில் எங்களுக்குக் கிடைச்சது ஒரு மணி நேரம். மியூசியம் மூடியிருந்தது. கரிபூ தோலில் செய்யுற முகமூடிகளை அங்கே பார்க்கணும்னு ஆசைப்பட்டேன், நடக்கலை.

நீங்க போறதா இருந்தா: திரும்புற இன்டர்நேஷனல் டிக்கெட்டுக்கும் குட்டி விமானத்துக்கும் நடுவுல ரெண்டு நாள் சும்மா விடுங்க. வயிறு நிறைய சாப்பிட்டு ஏறாதீங்க. காதுக்கு ஏதாவது வெச்சுக்கோங்க. டெனாலி மலைப் பனிப்பாறையில் சறுக்குக்கட்டை வெச்ச விமானம் இறங்குற டூரும் டல்கீட்னாவிலிருந்து இருக்கு. 2025-ல் அமெரிக்க அரசு அந்த மலைக்கு மறுபடி மெக்கின்லின்னு பேர் மாத்திடுச்சு, ஆனா உள்ளூர்க்காரங்க வாயில் டெனாலிதான். அடுத்த வாரம் கரடி எபிசோடு. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க.